விருந்தினரை நம்பிய ஊரும் விளைச்சலை நம்பிய ஊரும்

(தோட்டக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றன் ஆண்டுப் பொதுக் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)

விடியுமுன் எழுந்து பெரட்டுக்குச் சென்று, பால் வெட்டி, பால் நிறுத்து, வீடு திரும்பிய களைப்போடு இங்கே அமர்ந்திருக்கின்றீர்கள். நெடுநேரம் உங்களைக் காக்க வைப்பது முறையன்று. ஆயினும் இன்று நாம் பேச வேண்டிய செய்தி உங்கள் சேமிப்பையும் உங்கள் பிள்ளைகளின் நாளையையும் பற்றியது. ஆதலால் சற்றே பொறுமையோடு செவிமடுக்குமாறு வேண்டுகின்றேன்.

சென்ற வாரம் இத்தோட்டத்து இளைஞர் சிலர் என்னைச் சந்தித்து, தாங்கள் எழுதிய ஒரு திட்டத்தைக் காட்டினர். வெறுமையாகக் கிடக்கும் பழைய லயத்து வீடுகளைச் செப்பனிட்டு, வண்ணம் பூசி, வெளிநாட்டுப் பயணிகள் தங்கும் விடுதியாக ஆக்குவது. அதிகாலையில் பால்வெட்டைக் காட்டுவது. திருவிழாக் காலத்தில் காவடி காண அழைப்பது. இதற்குச் சங்கத்தின் சேமநிதியில் ஒரு பகுதியை எடுத்து, மீதிக்கு வங்கியில் கடன் பெறுவது. இதுவே அத்திட்டம். இளைஞர்கள் ஊரைவிட்டு ஓட எண்ணாமல் ஊரிலேயே ஒரு தொழில் காண எண்ணியதற்காக அவர்களை நான் மனமாரப் பாராட்டினேன். “ஐயா, இது நடக்குமா?” என்று கேட்டனர். ஒரே சொல்லில் விடை கூற எனக்கு மனம் வரவில்லை. அதற்கு மாறாக, இதே வழியில் நம்மினும் பன்மடங்கு பெரிதாக முயன்ற ஓர் ஊரின் வரலாற்றைக் கூறுகின்றேன். முடிவினை நீங்களே எடுங்கள்.

நிலக்கரியால் வாழ்ந்த நகரம்

ஜப்பான் நாட்டின் வடகோடியில் ஹொக்கைடோ என்னும் பெருந்தீவு உள்ளது. அதன் மலைகளுக்கு நடுவே யூபாரி என்னும் நகரம் இருக்கின்றது. 1888-ஆம் ஆண்டில் அங்கே நிலக்கரிப் படிவம் கண்டறியப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் சுரங்கங்கள் தோன்றின, இருப்புப்பாதை வந்தது, நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் தொழிலாளர் வந்து குவிந்தனர். 1960-ஆம் ஆண்டில் அந்நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ 1 இலட்சத்து 17 ஆயிரம். தொழில் உச்சத்திலிருந்த காலத்தில் இருபதுக்கும் மேற்பட்ட சுரங்கங்கள் அங்கே இயங்கின.

அத்தொழிலாளரின் வாழ்க்கை முறையைக் கூறினால், நம் தோட்டத்தைப் பற்றிக் கூறுவதாகவே நீங்கள் எண்ணக்கூடும். வரிசை வரிசையாக வீடுகள். அவை நிறுவனத்திற்கு உரியவை. மருத்துவமனை நிறுவனத்தினுடையது. குடிநீரும் நிறுவனம் தருவது. தந்தை செய்த வேலையை மகன் செய்தான். உழைப்பவனுக்குத் தொழில் இருந்தது, கூரை இருந்தது, அண்டை அயலாரின் அன்பு இருந்தது. ஆனால் அவன் காலடியில் இருந்த மண் மட்டும் அவனுடையது அன்று.

பின்னர்க் காலம் மாறியது. நிலக்கரியின் இடத்தை மண்ணெண்ணெயும் பிற எண்ணெய்களும் பிடித்தன. வெளிநாட்டு நிலக்கரி குறைந்த விலைக்கு வந்தது. சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. 1981-ஆம் ஆண்டில் ஒரு சுரங்கத்தில் நிகழ்ந்த வாயு விபத்தில் 93 பேர் மாண்டனர். 1985-இல் மற்றொரு சுரங்க வெடிப்பில் 62 பேர் உயிரிழந்தனர். 1990-ஆம் ஆண்டில் இறுதிச் சுரங்கமும் மூடப்பட்டது.

நிறுவனங்கள் வெளியேறியபோது வீடுகளையும் மருத்துவமனையையும் குடிநீர் அமைப்பையும் யார் தாங்குவது? நகராட்சியே அவற்றை ஏற்றுக்கொள்ள நேர்ந்தது. இலாபம் கிடைத்த காலத்தில் அது நிறுவனத்திற்குச் சென்றது. சுமை மிஞ்சிய காலத்தில் அது ஊராரின் தோளில் விழுந்தது. யூபாரியின் கடன் தொடங்கியது இங்கேதான் என்பதனை நாம் மறத்தலாகாது.

சுரங்கத்திலிருந்து சுற்றுலாவுக்கு

1979-ஆம் ஆண்டில் பதவியேற்ற நகராட்சித் தலைவர் சோர்ந்துவிடவில்லை. “சுரங்கத்திலிருந்து சுற்றுலாவுக்கு” என்னும் முழக்கத்தோடு அவர் செயலில் இறங்கினார். பழைய சுரங்கப் பகுதி ‘நிலக்கரி வரலாற்றுக் கிராமம்’ என்னும் பெயரில் பெரியதொரு கேளிக்கைப் பூங்காவாக மாற்றப்பட்டு, 1983-இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. நிலக்கரி அருங்காட்சியகம் அமைந்தது. அதனையடுத்து இயந்திர மனிதர் காட்சியகம், பதப்படுத்திய விலங்குகளின் காட்சியகம், தங்கும் விடுதி, பனிச்சறுக்குத் தளம் எனப் பல வந்தன. 1990-இல் அனைத்துலகத் திரைப்பட விழாவும் தொடங்கப்பட்டது. ஆண்டிற்கு இருபது இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வந்து சென்ற காலமும் உண்டு. நாடெங்கும் யூபாரியை முன்மாதிரி என்று பாராட்டினர்.

சகோதர சகோதரிகளே, இங்கே ஒரு கணக்கினைக் கவனியுங்கள். 1980-இல் யூபாரியின் மக்கள் ஏறத்தாழ 42 ஆயிரம் பேர். 1990-இல் அது ஏறத்தாழ 21 ஆயிரம். அதாவது பூங்காவும் காட்சியகங்களும் எழுந்த அதே பத்து ஆண்டுகளில் ஊர் பாதியாகக் குறைந்தது. வேடிக்கை பார்க்க வந்தவர் இலட்சக்கணக்கில் வந்தனர். வாழ வேண்டியவர் ஆயிரக்கணக்கில் வெளியேறினர். காரணம் யாது? சுரங்கத்தில் உழைத்தவன் பெற்ற ஊதியம் ஒரு குடும்பத்தைத் தாங்கியது. பூங்கா வாயிலில் சீட்டுக் கிழிப்பதும், விடுதியில் படுக்கை விரிப்பதும், பனிக்காலத்தில் மட்டும் கிடைக்கும் வேலையும் ஒரு குடும்பத்தைத் தாங்கவில்லை.

மேலும், ஒரு முறை வந்து பார்த்தவர் மறுமுறை வருவதற்குப் புதுமை வேண்டும். புதுமைக்குப் பணம் வேண்டும். பணத்திற்குக் கடன் வேண்டும். 1987-ஆம் ஆண்டில் ஜப்பானிய அரசு உல்லாச உறைவிடங்களை ஊக்குவிக்கச் சட்டம் இயற்றியது. அதன் விளைவாக நாடெங்கும் இத்தகைய இடங்கள் பெருகின. எல்லா ஊரிலும் ஒரே வகைக் கேளிக்கை இருக்குமாயின், தொலைவிலுள்ள மலையூருக்கு எவர் வருவார்? 1990-களின் தொடக்கத்தில் ஜப்பானின் பொருளாதாரம் சரிந்தபோது வருவோர் தொகையும் சரிந்தது. கட்டடங்கள் இருந்தன, கடனும் இருந்தது, விருந்தினர் மட்டும் குறைந்துபோயினர்.

நகராட்சி இக்குறையை வெளியே சொல்லவில்லை. ஆண்டு இறுதியில் ஒரு கணக்கிலிருந்து கடன் வாங்கி மற்றொரு கணக்கை நிரப்பி, வரவும் செலவும் ஒத்திருப்பதாகக் காட்டியது. ஒரு கடையில் பற்று எழுதி மறுகடைப் பற்றினை அடைக்கும் குடும்பத்தை நாம் அறிவோம். அக்குடும்பம் எவ்வாறு முடியும் என்பதையும் அறிவோம். 2006-ஆம் ஆண்டில் உண்மை வெளிப்பட்டது. 2007 மார்ச்சு மாதத்தில் யூபாரி, நிதி மறுசீரமைப்பிற்கு உட்பட்ட நகரமாக அறிவிக்கப்பட்டது. அடைக்க வேண்டிய தொகை ஏறத்தாழ 3,530 கோடி யென்.

அதன்பின் ஊரார் பட்ட துன்பம் பெரிது. நகராட்சி ஊழியர் தொகை பாதியளவுக்குக் குறைந்தது. எஞ்சியோரின் ஊதியம் வெட்டப்பட்டது. 171 படுக்கைகள் கொண்டிருந்த மருத்துவமனை 19 படுக்கைகள் கொண்ட மருத்துவகமாகச் சுருங்கியது. பள்ளிகள் ஒன்றிணைக்கப்பட்டு, தொடக்கப்பள்ளி ஒன்றும் இடைநிலைப் பள்ளி ஒன்றுமே மிஞ்சின. நூலகம் மூடப்பட்டது. வரியும் கட்டணமும் உயர்ந்தன. 2019-இல் நகருக்குச் சென்ற கிளை இருப்புப்பாதையும் மூடப்பட்டது. 2020-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி அங்கே வாழ்ந்தோர் 7,334 பேர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் முதியவர்கள். பூங்காவில் மகிழ்ந்து சென்ற பயணிகளில் எவரும் அக்கடனில் ஒரு காசும் அடைக்கவில்லை. ஊரில் தங்கியவர்களே அடைத்தனர்.

அதே மண்ணில் விளைந்த பழம்

யூபாரியின் வரலாறு இவ்வளவே என்றால் இதனை உங்களிடம் கூறியிருக்க மாட்டேன். அதே ஊரில் மற்றொரு வரலாறும் உண்டு.

சுரங்கம் செழித்திருந்த காலத்தில் அங்கிருந்த உழவர்களை எவரும் பொருட்படுத்தவில்லை. எரிமலைச் சாம்பல் கலந்த மண், நீர் தங்காது, நெல்லுக்கு ஏற்றதன்று. 1960-ஆம் ஆண்டில் 17 உழவர்கள் ஒன்றுகூடி முலாம்பழம் விளைவிப்போர் சங்கம் ஒன்றை அமைத்தனர். மணம் மிக்க ஒரு வகையையும் சுவை மிக்க வேறொரு வகையையும் இணைத்து, ‘யூபாரி கிங்’ என்னும் புதிய இனத்தை உருவாக்கினர். நெல்லுக்கு ஆகாத அம்மண், நீர் வடிவதாலேயே இப்பழத்திற்கு ஏற்றதாயிற்று. பகலின் வெப்பமும் இரவின் குளிரும் இனிப்பைக் கூட்டின.

பழத்தின் சிறப்பு ஒருபுறமிருக்க, அச்சங்கத்தின் ஒழுங்கே வியக்கத்தக்கது. விதை சங்கத்தின் பொறுப்பில் உள்ளது, வெளியார்க்கு விற்கப்படுவதில்லை. ஒவ்வொரு பழமும் தரம் பார்க்கப்படுகின்றது. தரம் குறைந்த பழத்தினைச் சங்கத்தின் பெயரில் விற்க இடமில்லை. விளைவித்தவர் உறவினராயினும் விலக்கில்லை. உருக் குறைந்த பழங்கள் இனிப்பாகவும் பாகாகவும் பதப்படுத்தப்படுகின்றன. 2015-ஆம் ஆண்டில் ஜப்பானிய அரசு ஊர்ப்பெயர் கொண்ட விளைபொருள்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வழங்கத் தொடங்கியபோது, முதலில் பதிவு பெற்றவற்றுள் யூபாரி முலாம்பழமும் ஒன்று. 2019-ஆம் ஆண்டின் முதல் ஏலத்தில் இரண்டு பழங்கள் 50 இலட்சம் யென்னுக்கு விலைபோயின. அது விளம்பரத்திற்காகக் கொடுக்கப்படும் விலை. அன்றாட விலை அன்று. ஆயினும் நகரம் நொடித்துப்போன ஆண்டிலும் அவ்வுழவர்கள் பழம் பறித்தனர், விற்றனர், பிழைத்தனர் என்பது உண்மை.

ஏன் இந்த வேறுபாடு? சுரங்கத் தொழிலாளி திறமையில் குறைந்தவன் அல்லன். உழைப்பில் குறைந்தவனும் அல்லன். உழவனுக்குச் சொந்த நிலம் இருந்தது. சொந்தச் சங்கம் இருந்தது. ஆண்டுதோறும் வாங்கி உண்ணப்படும் ஒரு பொருள் இருந்தது. சுரங்கத் தொழிலாளிக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. நாம் யாரைப் போன்றவர்கள் என்பதனை நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இலை விற்கும் பாட்டியர்

மற்றோர் எடுத்துக்காட்டும் கூறுகின்றேன். ஜப்பானின் தொக்குஷிமா மாநிலத்தில் கமிகட்சு என்னும் மலைக்கிராமம் உள்ளது. 1981-ஆம் ஆண்டில் வீசிய கடுங்குளிரில் அவ்வூரின் ஆரஞ்சு மரங்கள் பெரும்பாலும் பட்டுப்போயின. அங்கே வேளாண் கூட்டுறவில் பணியாற்றிய யோகோயிஷி என்பவர், உணவகங்களில் தட்டினை அழகு செய்யப் பயன்படும் இலைகளைக் கண்டு, அவை நம் மலையில் வேண்டிய மட்டும் கிடைக்கின்றனவே என்று எண்ணினார். 1986-ஆம் ஆண்டில் சிலரோடு மட்டும் அவ்வணிகம் தொடங்கியது. இலையையும் பணம் கொடுத்து வாங்குவார்களா என்று முதலில் ஊரார் நகைத்தனர். பின்னர், மூதாட்டியர் பலர் வீட்டருகே மரம் நட்டு, இலை பறித்து, தரம் பிரித்து, கணினியில் அன்றன்றைய தேவையைப் பார்த்து நகரச் சந்தைக்கு அனுப்பலாயினர். ஓய்வூதியத்தை மட்டும் நம்பியிருந்தோர் வருவாய் ஈட்டினர்.

இதன் புகழ் பரவிய பின்னரே கமிகட்சுவைக் காண வெளியூரார் வந்தனர். இங்கே வரிசையைக் கவனியுங்கள். முதலில் தொழில், பிறகு விருந்தினர். யூபாரியோ முதலில் விருந்தினரைத் தேடியது.

உண்மையை மறைக்காமல் இன்னொன்றும் சொல்ல வேண்டும். இத்தனை வெற்றிக்குப் பின்னும் கமிகட்சுவின் மக்கள்தொகை குறைந்துகொண்டே வந்து, இன்று 1,500-க்கும் கீழே இருக்கின்றது. யூபாரியின் பழத் தோட்டங்களிலும் உழவர்கள் முதுமையடைகின்றனர். நல்ல விளைச்சல் ஒன்றே இளைஞரை ஊரில் நிறுத்திவிடும் என்று எவரும் உறுதி கூற இயலாது. ஆயினும் இருப்பவர் தலைநிமிர்ந்து இருப்பதற்கு அது வழிசெய்யும்.

நம் நாட்டில் நாம் கண்டது

நம் நாட்டிலும் இல்லத்தில் விருந்தினரைத் தங்கவைக்கும் திட்டம் புதியதன்று. 1995-ஆம் ஆண்டில் பகாங் மாநிலத்துத் தெமர்லோ வட்டாரத்தில் உள்ள டேசா மூர்னியில் அது அதிகாரபூர்வமாகத் தொடங்கப்பட்டது. பல கம்பங்களில் குடும்பங்கள் அதனால் துணை வருமானம் பெற்றுள்ளன. ஆனால் அக்குடும்பங்களுக்கு வீடு சொந்தம். பெரும்பாலோர்க்கு ரப்பரோ செம்பனையோ பழமரமோ கொண்ட சிறுநிலமும் உண்டு. விருந்தினர் வந்தால் கூடுதல் வரவு, வராவிட்டால் நட்டமில்லை.

2020 மார்ச்சு 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு நடப்புக்கு வந்ததும், சுற்றுலா ஒரே நாளில் நின்றது. நாட்டின் எல்லைகள் மீண்டும் முழுமையாகத் திறக்கப்பட்டது 2022 ஏப்ரல் 1-ஆம் நாள். ஈராண்டுகள்! கடன் வாங்கி விடுதி கட்டியவர்க்கு அந்த ஈராண்டுகள் எப்படிக் கழிந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கட்டுப்பாட்டுக் காலத்திலும் கீரையும் மிளகாயும் முட்டையும் விலைபோயின.

என் சொந்த வாழ்விலிருந்தும் ஒன்று கூறுகின்றேன். நானும் லயத்து வீட்டில் பிறந்தவன். எனக்குப் பன்னிரண்டு வயதான ஆண்டில் எங்கள் தோட்டம் கைமாறியது. ஒரு நாள் பெரட்டின்போது வீடுகளைக் காலி செய்யுமாறு அறிவித்தனர். முப்பது ஆண்டுகள் பால் வெட்டிய என் தந்தையார் ஒரு பெட்டியோடும் ஒரு மிதிவண்டியோடும் வெளியேறினார். கோயில் மட்டும் அங்கேயே நின்றது; அதனைச் சுற்றிப் புதிய வீடுகள் எழுந்தன. அவ்வீடுகளில் ஒன்றுகூட எங்களுடையதாக இல்லை. என் தாயார் வளர்த்த முருங்கையை வெட்டிய நாளில்தான் அவர் அழுதார். “நட்டது நான், நிலம் நமதில்லையே” என்றார். அச்சொல் இன்றும் என் செவியில் ஒலிக்கின்றது.

என் கருத்து

ஆகவே, நம் இளைஞர்களின் திட்டத்தினைப் பற்றி என் கருத்தினைப் பணிவோடு முன்வைக்கின்றேன்.

முதலாவதாக, நமக்கு உரிமையில்லாத கட்டடத்தில் நம் பணத்தைப் போடுதல் கூடாது. லயத்து வீடுகள் நிர்வாகத்திற்கு உரியவை. நாம் செப்பனிட்ட பின்னர்த் தோட்டம் விற்கப்படுமாயின், நம் சேமிப்பு வேறொருவர்க்குச் சென்றுவிடும். எழுத்து மூலமான நீண்டகாலக் குத்தகை இல்லாமல் ஒரு ஆணியும் அடிக்க வேண்டா.

இரண்டாவதாக, விருந்தினர் ஒருவரும் வராத ஆண்டிலும் தவணை கட்ட முடியுமா என்று கணக்கிடுங்கள். முடியாதெனில் அக்கடனை வாங்காதீர்கள். சங்கத்தின் கணக்கு ஒவ்வோர் உறுப்பினர்க்கும் விளங்குமாறு கூட்டத்தில் படிக்கப்பட வேண்டும். யூபாரியை வீழ்த்தியது கடன் மட்டுமன்று. கணக்கை மறைத்ததும் ஆகும்.

மூன்றாவதாக, சேமிப்பு முதலில் வீட்டிற்கும் நிலத்திற்கும் செல்லட்டும். யூபாரியின் 17 உழவர்கள் சங்கம் அமைத்த அதே 1960-ஆம் ஆண்டில்தான், நம் நாட்டில் துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் தெருவில் நின்ற காலம் அது. தொழிலாளர் சிறுசிறு தொகையாகச் சேர்த்த பணத்தால், மறு ஆண்டிலேயே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. பால் வெட்டியவனே தோட்டத்தில் பங்குதாரனான அந்நாளை நம் பெரியோர் மறக்கவில்லை. அவ்வழி பழைய வழியாயினும் சரியான வழி.

நான்காவதாக, விளைவிக்கக் கூடியதைச் சிறிதாகத் தொடங்குங்கள். லயத்திற்குப் பின்னால் கிடக்கும் நிலத்தில் பயிரிட நிர்வாகத்திடம் எழுத்து மூலம் அனுமதி கேளுங்கள். கீரை, மிளகாய், ஆடு, கோழி என எதுவாயினும் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து செய்து, சங்கத்தின் வழியாக விற்பனை செய்யுங்கள். தரம் பிரிப்பதில் கண்டிப்பு வேண்டும். ஒருவர் அழுகிய மிளகாயை மூட்டைக்கு அடியில் வைத்தால், பத்துக் குடும்பத்தின் பெயரும் கெடும். இன்று நம் நாட்டு ரப்பரில் மிகப் பெரும்பகுதி சிறுதோட்டக்காரர்களிடமிருந்தே வருகின்றது. பால் வெட்டும் கைத்திறன் உங்களிடம் உள்ளது. குறைவது நிலம் மட்டுமே.

இவை நடந்த பின்னர் விருந்தினர் வருவாராயின் வரட்டும். வாசலில் கோலமிட்டு வரவேற்போம். வெற்றிலை பாக்கும் தருவோம். விருந்தோம்பல் நம் பண்பு. ஆனால் விருந்தினர் வந்தால்தான் அடுப்பெரியும் என்னும் நிலைக்கு நம் வீட்டைக் கொண்டுசெல்லலாகாது. ஒரு நிறுவனத்தை மட்டும் நம்பி இடர்ப்பட்டோம். அதே தவற்றினைப் பயணியை மட்டும் நம்பி மீண்டும் செய்ய வேண்டா.

இளைஞர்களே, நீங்கள் எழுதிய திட்டத்தைக் கிழித்தெறியுமாறு நான் கூறவில்லை. அதன் முதல் பக்கத்தில் விடுதி உள்ளது. இறுதிப் பக்கத்தில் காய்கறித் தோட்டம் ஒரு வரியில் உள்ளது. அப்பக்கங்களை இடம் மாற்றுங்கள். அடுத்த கூட்டத்திற்குள் எத்தனை குடும்பங்கள் சேரும், எவ்வளவு நிலம் கிடைக்கும், எந்தச் சந்தையில் என்ன விலை என்பவற்றை எழுதிக்கொண்டு வாருங்கள். சங்கத்தின் மூத்தோர் உங்கள் பக்கத்தில் நிற்பார்கள் என்று நம்புகின்றேன்.

நட்டவனுக்கே நிலமும் உரியதாகும் நாள் நம் தோட்டங்களில் மலர வேண்டும். அந்நாளைக் காண ஒன்றுபட்டு உழைப்போமாக.